கம்பியைத் தேர்ந்தோமா, மாண்டலினைத் தேர்ந்தோமா? கையால் செய்த ஓவல் துளை மாண்டலின் இரண்டுக்கு நடுவே ஒரு நிகழ்வு ஆய்வு

"தம்பி, ரெண்டும் ஒரே வாரத்துல வருது. வந்து கேட்டுட்டுச் சொல்லு." 2023 ஜனவரியில் அக்கா ஃபோனில் சொன்னது இவ்வளவுதான். கூடப் பிறந்த அக்கா இல்லை. மிச்சிகனில் ஆன் ஆர்பர் ஊரில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருப்பவர், மருத்துவமனையில் நர்ஸ். கும்பகோணத்தில் சின்ன வயதில் எட்டு வருஷம் வயலின் கற்றவர். இங்கே வந்தபின் வயலின் பெட்டி பரணில் ஏறிவிட்டது. அப்புறம் ஒரு நாள் பப்பில் ஐரிஷ் இசைக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்தார். அதில் ஒருவர் கையில் மாண்டலின். வயலினுக்கும் மாண்டலினுக்கும் ஒரே சுருதி அமைப்பு என்று யாரோ சொல்ல, மறு வாரமே ஒன்றை வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த ஒற்றுமை மேற்கத்திய வயலினுக்கு என்று. கீழ் தந்தியிலிருந்து மேல் தந்தி வரை ஜி, டி, ஏ, ஈ. அக்காவின் விரல்களுக்குப் பழகியது ச-ப-ச-ப. பாதி பழசை மறந்துவிட்டு மறுபடி கற்றார்.

அந்த முதல் மாண்டலின் தொழிற்சாலைத் தயாரிப்பு, முன்பலகையில் எஃப் எழுத்து வடிவத்தில் எஃப் துளை வைத்தது. நாலு வருஷம் வாசித்தபின் அதன் மேல் தந்தி காதைக் குத்துகிறது, கீழ் தந்தி காலி டப்பா மாதிரி இருக்கிறது என்று குறை. பப்பில் ஒருவரிடம் இருந்த, நடுவில் முட்டை வடிவத்தில் ஒரே துளை வைத்த ஓவல் துளை மாண்டலினை வாங்கிப் பத்து நிமிஷம் வாசித்துப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. பணம் சேர்த்து, தனியாள் பட்டறை வைத்துக் கையால் செய்யும் இரண்டு பேரிடம் பேசி, இரண்டு பேரும் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பச் சம்மதித்திருந்தார்கள். ஒன்று 3,800 டாலர், இன்னொன்று 3,200. செய்தவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதில் ஒன்றின் குறையையும் எழுத வேண்டியிருக்கிறது, அதற்கு முழுப் பொறுப்பு அவர்தான் என்றும் சொல்ல முடியாது.

நான் மாண்டலின் செய்பவன் இல்லை. பதினைந்து வருஷமாக வாசிக்கிறேன், தெரிந்தவர்களின் மாண்டலினுக்கு பிரிட்ஜ் (பெட்டியின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரை) சரிபார்ப்பது, நட் (கழுத்து நுனியில் தந்திகள் உட்காரும் பட்டை) பள்ளம் அரம் போடுவது மாதிரி வேலைகளைச் சமையலறை மேசையில் செய்து கொடுப்பேன். அந்த ஒரு வாரத்தில் நான் செய்ததில் பாதி சரி, பாதி தப்பு. தப்பு எங்கே வந்தது என்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

ஏன் ஓவல் துளை

மாண்டலின் என்றதும் தமிழ் வாசகர் பலருக்கு யு. ஸ்ரீனிவாஸ் கையிலிருந்த மின்சார மாண்டலின்தான் கண்முன் வரும். அது வேறு ஜாதி. இரட்டைத் தந்திகளை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைத் தந்தி போட்டு, கமகத்துக்குத் தோதாக மாற்றிக்கொண்டது. இங்கே பேச்சு எட்டுத் தந்தி, நாலு ஜோடி, உள்ளே குடைந்த மரப்பெட்டி.

அந்தப் பெட்டியின் கதை ஆன் ஆர்பரிலிருந்து நூறு மைல் மேற்கே உள்ள கலமசூவில் நடந்தது. ஓர்வில் கிப்சன் என்பவர் 1898இல் காப்புரிமை வாங்கினார். நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலின்களுக்கு முதுகு சுரைக்குடுக்கை மாதிரி இருக்கும், பட்டை பட்டையாக ஒட்டியது. கிப்சன் அதை விட்டுவிட்டு, வயலின் மாதிரி முன்பலகையையும் பின்பலகையையும் வளைவாகக் குடைந்தார். 1902இல் அவர் பெயரில் கம்பெனி வந்தது. அந்தக் காலத்து கிப்சன் மாண்டலின்களின் துளை ஓவல். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மாண்டலின் ஆர்க்கெஸ்ட்ரா இருந்த நாட்கள் அவை. 1922இல், கம்பெனியில் லாயிட் லோர் என்பவர் வேலை பார்த்த காலத்தில், எஃப்-5 என்ற மாடல் வந்தது, வயலின் மாதிரி இரண்டு எஃப் துளைகளோடு. அது வந்த நேரம் மாண்டலின் மோகமே வடிந்துகொண்டிருந்தது. பிற்பாடு பில் மன்றோ என்ற இசைக்கலைஞர், கிப்சன் கம்பெனி 1923இல் செய்த ஓர் எஃப்-5ஐக் கையிலெடுத்து புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற பாணியை வாசித்ததும், மாண்டலின் என்றாலே எஃப் துளைதான் என்று ஆகிவிட்டது. புளூகிராஸில் பக்கவாத்தியமாக வெட்டி வெட்டி அடிக்கும் 'சாப்' அடிக்கு அதுதான் பொருத்தம். சட்டென்று எழும், சட்டென்று அடங்கும். ஓவல் துளைக்கு அடங்கத் தெரியாது. ரீங்காரம் நீளும், கீழ் ஸ்தாயி உருண்டு வரும். ஐரிஷ் டியூன் வாசிப்பவர்கள் பலர் இதைத் தேடுவது அதனால்.

ஒரு விஷயம் இங்கே அடிக்கடி குழம்பும். வித்தியாசம் துளையின் வடிவத்தில் மட்டும் இல்லை. பழைய ஓவல் மாண்டலின்களில் கழுத்து பெட்டியோடு சேரும் இடம் 12ஆவது ஃப்ரெட்டுக்கு (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அருகில். எஃப்-5இல் 15ஆவது ஃப்ரெட். தந்தி நீளம் 13⅞ அங்குலம், அதாவது 352 மி.மீ. சொச்சம். அது மாறாமல் கழுத்து மூன்று ஃப்ரெட் வெளியே தள்ளிப்போனால், பிரிட்ஜ் பெட்டியின் மேல் கிட்டத்தட்ட 28 மி.மீ. கழுத்துப் பக்கமாக ஏறிவிடும். பலகையின் எந்த இடத்தைத் தந்தி உலுக்குகிறது என்பதே மாறிப்போகிறது. முன்பலகைக்கு அடியில் ஒட்டும் தாங்குசட்டமும் வேறு: பழைய கிப்சன் ஓவலில் துளைக்குக் கீழே குறுக்காக ஒரே ஒரு சட்டம், எஃப்-5இல் நீளவாக்கில் இரண்டு. இன்றைக்குக் கையால் செய்பவர்கள் ஓவல் துளையோடு நீளக் கழுத்தையும் எக்ஸ் வடிவச் சட்டத்தையும் கலந்து செய்கிறார்கள். ஆக, 'ஓவல் துளை மாண்டலின்' என்ற ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று வேறு கருவிகள் இருக்கின்றன. அக்காவுக்கு வந்த இரண்டும் அப்படித்தான்.

வந்தவை

ஜனவரியில் மிச்சிகனில் கூரியர் வண்டிக்குள் இருக்கும் குளிர் மரத்துக்கு ஆகாது. பெட்டியை வாங்கி உடனே பிரித்தால், குளிர்ந்த வார்னிஷ் மேல் வெதுவெதுப்பான காற்று பட்டு மயிரிழை விரிசல் விழலாம். அதனால் இரண்டு அட்டைப்பெட்டிகளும் ஒரு ராத்திரி முழுக்கப் பிரிக்காமல் அக்கா வீட்டுக் கூடத்தில் கிடந்தன. அவர் பெண் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

திங்கள்கிழமை மாலை பிரித்தோம். நிறத்தை வைத்து அக்காவே பெயர் வைத்துவிட்டார். ஒன்று தேன் நிறம், அது 'தேன்'. மற்றது ஓரம் கறுத்து நடுவில் பழுப்பான சன்பர்ஸ்ட், அது 'காப்பி'.

தேன்: முன்பலகை ரெட் ஸ்ப்ரூஸ் மரம், பின்னால் மேப்பிள். உள்ளே எக்ஸ் சட்டம். கழுத்து 15ஆவது ஃப்ரெட்டில் சேர்கிறது. நட் அகலம் 28.6 மி.மீ., விரல்பலகையில் லேசான வளைவு. புத்தம்புது ஃபாஸ்பர் பிரான்ஸ் உலோகம் சுற்றிய தந்தி. விலை கூடியது இதுதான்.

காப்பி: முன்பலகை எங்கல்மன் ஸ்ப்ரூஸ், பின்னால் இதுவும் மேப்பிள். பழைய கிப்சன் வழியில் ஒற்றைக் குறுக்குச் சட்டம், கழுத்து 12ஆவது ஃப்ரெட்டில். நட் 30.2 மி.மீ., விரல்பலகை தட்டை, கழுத்தின் பின்புறம் மெல்லிய வி வடிவம். தந்தி ஃபிளாட்வவுண்ட். வழக்கமான கீழ்த் தந்திகளில் எஃகின் மேல் உருண்டைக் கம்பி சுற்றியிருக்கும், விரலை இழுத்தால் கரகரக்கும். ஃபிளாட்வவுண்டில் நாடா மாதிரித் தட்டைக் கம்பி, கண்ணாடி போல வழவழப்பு.

மூன்றாவதாக, முன்னும் பின்னும் தட்டையான ஒரு மாண்டலினும் பேச்சில் இருந்தது. விலை பாதிதான். வளைபலகை கேட்டுப் பழகிய காது அதை ஒப்பவில்லை, விட்டுவிட்டோம்.

அளவுகோலாக என்னுடையதைக் கொண்டுபோயிருந்தேன். 1919இல் செய்த கிப்சன் 'ஏ' மாடல். பூசணி நிற முன்பலகை, பிர்ச் மரப் பின்பலகை, கழுத்துக்குள் இரும்புக்கம்பி வருவதற்கு முந்தைய காலம் என்பதால் பிடித்தால் கை நிறையும் தடிமன். இதை விற்கக் கேட்டுவிடுவாரோ என்று உள்ளூரப் பயம். கேட்கவில்லை.

முதல் மாலை

அக்கா தேனை எடுத்து ஜிக் என்ற ஐரிஷ் நடன மெட்டு ஒன்றை வாசித்தார். முகம் மாறவில்லை. காப்பியை எடுத்து அதையே வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "முடிஞ்சுபோச்சு தம்பி. இதுதான்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் கேட்டது. தேனில் மேல் தந்தி பளபளவென்று இருந்தது, ஜி தந்தியில் மட்டும் சத்தம் மெலிந்து, தூரத்தில் யாரோ வாசிப்பது போல. காப்பி உருண்டு திரண்டு வந்தது. ஆனால் 3,800 டாலருக்கு ரெட் ஸ்ப்ரூஸில் நன்றாகக் குடைந்த மாண்டலினுக்குக் கீழ்த் தந்தி இப்படி மெலியக் கூடாது. பிரிட்ஜ் பாதத்துக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பார்த்தேன். ஈ தந்திப் பக்கம் காகிதம் நுழையவில்லை. ஜி பக்கம் நாலு மில்லிமீட்டர் உள்ளே போயிற்று.

மாண்டலினில் பிரிட்ஜ் ஒட்டியிருக்காது. தந்தியின் அழுத்தத்தில் பலகை மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அதன் பாதம் பலகையின் வளைவோடு ஒட்டி உட்கார வேண்டும். பட்டறையில் அது சரியாகத்தான் உட்கார்ந்திருக்கும் என்று நம்புகிறேன். வழியில் வறண்ட காற்றில் மரம் ஈரம் இழந்து வளைவு கொஞ்சம் இறங்கியிருக்கலாம். ஹீட்டர் ஓடும் வீட்டில் ஜனவரியில் ஈரப்பதம் 25 சதவீதத்தைத் தொட்டால் பெரிய விஷயம். மாண்டலினுக்கு வேண்டியது 45, 50. அக்கா வீட்டில் குழந்தை அறைக்கு வாங்கிய ஹியூமிடிஃபையர் அன்றைக்கே கூடத்துக்கு வந்தது.

அன்று ராத்திரி அக்காவிடம் சொன்னேன்: "நீங்க இப்ப கேட்டது ரெண்டு மாண்டலின் இல்ல. ஒண்ணுல கோணலா உக்காந்த பிரிட்ஜ், இன்னொண்ணுல விலை ஒசந்த கம்பி. ரெண்டையும் சமமாக்கிட்டு அப்புறம் கேப்போம்."

சமமாக்கியது

விற்பவருடைய பொருள், நாம் அரம் போடக் கூடாது. தேனைச் செய்தவரைக் கூப்பிட்டுச் சொன்னோம். வருத்தப்பட்டார். திருப்பி அனுப்பினால் தானே சரிசெய்து தருவதாகவும், பழக்கம் இருந்தால் நீங்களே செய்யலாம், கெட்டுப்போனால் புதுப் பாதம் அனுப்புகிறேன் என்றும் சொன்னார்.

பிரிட்ஜ் நின்ற இடத்தை மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொண்டு தந்திகளைத் தளர்த்தினேன். பலகை மேல் அந்த இடத்திலேயே 120 நம்பர் மணல்தாளை முகம் மேலாக விரித்து, அதன் மேல் கருங்காலி பாதத்தை வைத்து, தந்தி ஓடும் திசையில் அரை அங்குலம் முன்னும் பின்னும். அழுத்தக் கூடாது, கையின் கனம் மட்டும். இருபது தேய்ப்புக்கு ஒருமுறை எடுத்து அடியைப் பார்த்தால் எங்கே உரசியிருக்கிறது, எங்கே இன்னும் பளபளப்பு என்று தெரியும். முதலில் ஈ பக்கம் மட்டும் சாம்பல் நிறம் தட்டியது. அது மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்து, முக்கால் மணி நேரத்தில் முழு அடியும் ஒரே சாம்பல். பிறகு 220இல் ஒரு சுற்று. தந்தியை ஏற்றி, 12ஆவது ஃப்ரெட்டின் மேல் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் ஒப்பிட்டு இடத்தைச் சரிபார்த்தேன். காகிதம் எந்தப் பக்கமும் நுழையவில்லை.

காப்பியில் ஒரே ஒரு தொல்லை: ஏ ஜோடியில் ஒரு தந்திக்கு நட் பள்ளம் இறுக்கம், சுருதி சேர்க்கும் ஆணியைத் திருப்பினால் 'டிங்' என்று துள்ளும். பென்சிலைப் பள்ளத்தில் நாலு இழுப்பு, சரியாகிவிட்டது.

இரண்டுக்கும் ஒரே வகை செட் தந்தி போட்டோம், ஃபாஸ்பர் பிரான்ஸ் சுற்றிய டி'அடாரியோ ஜே74. தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 11, 15, 26, 40 பங்கு. ஒவ்வொரு ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். 12ஆவது ஃப்ரெட்டில் ஜி தந்தி உயரம் இரண்டிலும் 1.6 மி.மீ. தந்தியை மீட்டும் பிக்கும் ஒன்றே.

புதன்கிழமை மாலை அக்கா மறுபடி உட்கார்ந்தார். தேன் வேறு மாண்டலின் ஆகியிருந்தது. ஜி தந்தி அடியிலிருந்து எழுந்து வந்தது, ரீல் என்ற நடன மெட்டின் வேகத்தில் பிக்கால் போடும் மும்முறை அடி ஒவ்வொன்றும் பிரிந்து கேட்டது. காப்பியின் நிலைமை தலைகீழ். ரீங்காரம் அளவுக்கு மிஞ்சி, மூன்று அடியும் ஒரே குழைசலாக ஓடியது. அதுவும் ஜி தந்தியில் இரண்டாவது ஃப்ரெட்டை, அதாவது தாழ்ந்த ஏ சுரத்தை, தொட்டால் போதும், பெட்டி முழுக்க 'ம்ம்' என்று அதிர்ந்தது. "சுருதி சேராத தம்புரா பக்கத்துல இருந்துக்கிட்டு, ஒரே ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் தலையாட்டற மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

இதற்குக் காரணம் கண்டுபிடிப்பது எளிது. துளைக்கு அருகே வாயை வைத்து, கீழிருந்து மேலாக ஹம் செய்துகொண்டே போக வேண்டும். ஒரு குறிப்பிட்ட சுரத்தில் பெட்டி பதில் சொல்லும், பின்பலகையில் வைத்த விரல் நுனியில் அது குறுகுறுக்கும். காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுரம் வருமே, அதே விஷயம்தான், உள்ளே அடைபட்ட காற்றின் சொந்தச் சுரம். பெட்டியின் கொள்ளளவும் துளையின் பரப்பும் அதைத் தீர்மானிக்கின்றன. துளையில் பாதியை அட்டையால் மூடினால் சுரம் இறங்கும், செய்து பார்க்கலாம். தேன் ஜி ஷார்ப்புக்குப் பதில் சொன்னது. காப்பி துல்லியமாக ஏ-க்கு, 220 ஹெர்ட்ஸ்.

இது வெறும் அதிர்ஷ்டம், ஆனால் விளைவு பெரியது. பப்பில் கூடி வாசிக்கும் ஐரிஷ் செஷனில் பெரும்பகுதி டி மேஜர், ஜி மேஜர். அவற்றில் ஜி ஷார்ப் வராது. தேனின் பெட்டிச் சுரம் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்துகொண்டது. தாழ்ந்த ஏ அப்படி இல்லை. புல்லாங்குழலுக்குப் பிறந்த டியூன்கள் டி-க்குக் கீழே போகாது, ஃபிடிலுக்கு, அதாவது வயலினுக்கு, பிறந்தவை அடிக்கடி அந்த ஏ வரைக்கும் இறங்கும். அக்காவுக்குப் பிடித்தவை எல்லாம் ஃபிடில் டியூன்கள்.

நான் போட்ட மார்க்

இந்தக் கட்டத்தில் நான் ஒரு நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன். ஏழு வரிசை, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். சத்தத்தின் வீச்சு, சுரங்கள் பிரிந்து கேட்பது, தந்திக்குத் தந்தி சமநிலை, மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை எட்டுவது, வேலைப்பாடு இப்படி. 70க்கு தேன் 61, காப்பி 54.

கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் சோதனையும் நடந்தது. நான் சுவரைப் பார்த்து உட்கார, அக்காவின் கணவர் மாமா நாணயம் சுண்டி எது என்று கை காட்ட, அக்கா வாசித்தார். பத்தில் ஏழு சரியாகச் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது. மாமா கணக்கு வாத்தியார். நாணயத்தையே பதில் சொல்லச் சொன்னாலும் ஆறு தடவைக்கு ஒரு தடவை ஏழோ அதற்கு மேலோ சரியாக வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டி அதைக் கெடுத்தார். அந்தச் சோதனையில் எனக்கு மிஞ்சியது ஒன்றுதான்: தந்தியும் பிரிட்ஜும் சமமானபின், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தவனுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. மடியில் வைத்திருப்பவருக்குத்தான் அவை இரண்டு.

வியாழக்கிழமை பப். இரண்டையும் தூக்கிக்கொண்டு போனோம். மூன்று ஃபிடில், ஒரு புல்லாங்குழல், ஓர் அக்கார்டியன், ஒரு டெனர் பான்ஜோ. ஐரிஷ்காரர்களின் டெனர் பான்ஜோ மாண்டலினுக்கு ஓர் ஸ்தாயி கீழே அதே ஜி-டி-ஏ-ஈ. அது பக்கத்தில் இருந்தால் மாண்டலினின் கதி அதோகதி. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தேன் அவ்வப்போது கேட்டது. காப்பி அந்தத் தாழ்ந்த ஏ வந்தபோது மட்டும் கேட்டது.

வண்டியில் திரும்பும்போது தீர்ப்பைச் சொன்னேன். தேன்தான், சந்தேகமே இல்லை. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"தம்பி, பப்புல என்னை யாரு கேக்கறாங்க? நானே என்னைக் கேக்கறதில்ல. வாரத்துல ஒரு நாள் அங்க. மிச்ச ஆறு நாளும் ட்யூட்டி முடிஞ்சு, பாப்பா தூங்கின அப்புறம், ராத்திரி பத்து மணிக்குச் சமையல்கட்டுல. உன் பட்டியல்ல அது எங்க இருக்கு?"

இல்லை. வீச்சுக்கு நான் அள்ளிக் கொடுத்த மார்க், பத்து மணிக்கு மெதுவாக வாசிக்கிறவருக்கு எதற்கு? இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நீளக் கழுத்துக்காகத் தேனுக்கு ஒன்பது போட்டிருந்தேன். ஐரிஷ் டியூனில் ஈ தந்தியின் ஏழாவது ஃப்ரெட்டைத் தாண்டுவது அபூர்வம். 12ஆவது ஃப்ரெட்டில் கழுத்து முடிந்தால் அக்காவுக்கு என்ன நஷ்டம்? நட்டில் காப்பிக்கு இருந்த ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல் அகலத்துக்கு நான் வரிசையே போடவில்லை. மூன்று நாளாக அவர் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தேனில் அவர் விரல் ஈ ஜோடியின் வெளித் தந்தியை ஓரத்தில் வழுக்கிவிட்டது எத்தனையோ முறை. காப்பியில் ஒருமுறைகூட இல்லை.

கழற்றிய கம்பி

இருந்தாலும் அந்த ஏ? காப்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டியூனிலும் அந்த 'ம்ம்'மோடு மல்லுக்கட்ட முடியாது. திங்கள்கிழமை அது ஏன் காதில் விழவில்லை என்று அக்காதான் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காப்பியைச் செய்தவரைக் கூப்பிட்டோம். நான் என்ன செய்தேன் என்று விளக்கினேன்: சமமாக ஒப்பிட வேண்டும் என்பதற்காக ஃபிளாட்வவுண்டைக் கழற்றி ஜே74 போட்டேன் என்று. அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு பொறுமையாகச் சொன்னார். அந்த மாண்டலினுக்கு முதலில் அவரும் ஃபாஸ்பர் பிரான்ஸ்தான் போட்டாராம். ஏ எகிறியது. நாலு விதத் தந்தி மாற்றிப் பார்த்து, கடைசியில் ஃபிளாட்வவுண்டில் நிறுத்தினாராம். அது வேண்டும் என்றுதான் அனுப்பியிருக்கிறார். பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதியும் வைத்திருந்தார். உறையின் அடியில் கிடந்த அந்தச் சீட்டை நாங்கள் பார்க்கவே இல்லை.

இது எனக்கு உறைத்த அளவுக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை. பிரிட்ஜ் கோணல் ஒரு பழுது, அதைச் சரிசெய்தது நியாயம். தந்தி பழுது இல்லை. செய்தவர் காதால் கேட்டுத் தேர்ந்த ஒன்று, பலகையின் தடிமன் எவ்வளவு அவர் வேலையோ அவ்வளவு அதுவும். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு 'செட்-அப் வித்தியாசம்' என்று பெயர் வைத்து அழித்துவிட்டேன்.

உருட்டி எடுத்து வைத்திருந்த ஃபிளாட்வவுண்டையே காப்பியில் மறுபடி ஏற்றினேன். தாழ்ந்த ஏ மற்ற சுரங்களோடு வரிசையில் வந்து நின்றது. வேகமாக அடித்தால் இன்னும் கொஞ்சம் முன்னே வரும், ஆனால் தம்புரா இல்லை. இந்தத் தந்தியின் இழுப்பு குறைவு, தொடக்கத்தில் வரும் 'தட்' மெல்லியது, பெட்டியை அது அவ்வளவு உசுப்புவதில்லை என்பது என் கணிப்பு. ரீங்காரம் குறுகியதால் மும்முறை அடியும் பிரிந்தது. நியாயத்துக்காகத் தேனுக்கும் ஒரு செட் ஃபிளாட்வவுண்ட் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். விலை ஜே74ஐப் போல மூன்று மடங்குக்கு மேல். தேன் போர்வை போர்த்திக்கொண்டது. உயிரே இல்லை. ரெட் ஸ்ப்ரூஸும் எக்ஸ் சட்டமுமாக அது வேறு தந்திக்குச் செய்தது, கேட்டாலே தெரிந்தது.

ஃபிளாட்வவுண்டில் அக்கா இன்னொன்றையும் கண்டுபிடித்தார். கரகரப்பு இல்லாததால் விரல் ஃப்ரெட்டுகளின் மேல் வழுக்கிப் போகிறது. மாண்டலினில் தந்தியை இழுத்துக் கமகம் செய்வது முடியாத காரியம், ஜோடித் தந்தி இரண்டும் ஒரே அளவு இழுபடாது. ஜாரு வரும். ஜிக்கை நிறுத்திவிட்டு மோகனத்தில் நாலு வரி தடவிப் பார்த்தார். ஃப்ரெட் படிகள் கேட்டன, இருந்தாலும் மோகனம் என்று தெரிந்தது. மாமா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

முடிவும் அதன்பின்னும்

சனிக்கிழமை தேனைக் கட்டி அனுப்பினோம். புதுப்பித்த பிரிட்ஜ் பாதம், புது ஜே74, ஒரு நன்றிக் கடிதம். நல்ல மாண்டலின். பப்பில் வாரம் நாலு நாள் வாசிப்பவர், இல்லை மேடையில் மைக் முன்னால் நிற்பவர் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன், இன்றைக்கும் சொல்வேன். எனக்கே வேண்டுமென்று இருந்தது, 3,800 டாலர் இல்லை.

காப்பி அக்காவிடம் இருக்கிறது. இரண்டு குளிர்காலம் கண்டுவிட்டது. டிசம்பரில் முன்பலகை இறங்கி ஐந்தாவது ஃப்ரெட்டில் தந்தி உரசத் தொடங்கும், பிரிட்ஜ் சக்கரத்தை அரைத் திருப்பு ஏற்ற வேண்டும், ஏப்ரலில் மறுபடி இறக்க வேண்டும். பப்பில் அது இன்னும் யார் காதிலும் விழுவதில்லை. பான்ஜோக்காரர் வராத வாரங்களில் கொஞ்சம் விழுகிறது.

ஒரு நாள் ஆசைப்பட்டு என் 1919 கிப்சனுக்கும் ஃபிளாட்வவுண்ட் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் கழற்றிவிட்டேன். அந்த செட் சுருட்டியபடி மேசை டிராயரில் கிடக்கிறது, அக்காவின் அடுத்த மாற்றத்துக்கு ஆகும்.